ஒரே மாதத்தில் நாலரைக் கிலோ

எடை குறைந்துவிட்டது என்று யாராவது சிரித்த முகத்தோடு வந்து சொன்னால் எனக்குப் பயம் வந்துவிடும். ஓய்வு பெற்ற பிறகும் இது போகவில்லை. கல்யாண வீட்டில் தூரத்து உறவுக்காரி ஒருத்தி, "ரெஜினா, பாத்தியா, எப்படி எளைச்சுட்டேன்" என்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவாள். எல்லாரும் அவள் இடுப்பைப் பார்ப்பார்கள். நான் மட்டும் அவள் விரல் நுனி நடுங்குகிறதா, கழுத்து வேர்த்திருக்கிறதா என்று பார்ப்பேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர் இருந்தால், "இங்கயும் ஆரம்பிச்சுட்டியா" என்று முழங்கையால் இடிப்பார்.

போன மாதம், என்னிடம் வேலை பழகிய பெண் ஒருத்தி போன் செய்தாள். இப்போது எடை குறைக்க ஊசி வந்துவிட்டதாம். பசியே எடுப்பதில்லையாம், மளமளவென்று இறங்குகிறதாம். "நீங்க எங்களை மாசம் ஒரு கிலோ, ஒரு கிலோன்னே மெரட்டி வெச்சிருந்தீங்க மேடம். எதுக்கு மேடம் உங்களுக்கு அவ்வளவு பயம்?" என்று கேட்டாள். பாதி கேலிதான், ஆனாலும் கேள்வி நியாயமானது. ஊசி நல்லதா கெட்டதா என்பது டாக்டர்கள் பாடு, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் என் பயத்துக்குக் காரணம் உண்டு. அதைப் போனில் சொல்ல முடியவில்லை, எழுதுகிறேன்.

நான் சேலத்துக்காரி. மாதா கோயில் மணிச் சத்தம் கேட்கிற தூரத்தில் எங்கள் வீடு, அந்தப் பங்குக் கோயிலில்தான் ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம். மனையியல் படித்தேன். இரண்டு மூன்று இடங்களில் ஆஸ்பத்திரிச் சமையல் கட்டை மேற்பார்வை பார்த்தேன். பிறகு நாமக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனைப் பிரிவில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றேன். படிப்பில் கற்றதைவிடப் பெரிய டாக்டரிடம் கற்றதுதான் அதிகம். அந்த அம்மாள் சர்க்கரை நோய்க்கான டாக்டர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் எழுதிக்கொண்டிருக்கும் பேனாவை மூடி மேஜையில் வைத்துவிடுவார். அந்த 'டக்' சத்தத்துக்கு நர்ஸ்கள், கம்பவுண்டர், நான், எல்லாரும் ஒன்றுபோல நிமிர்வோம்.

உணவு ஆலோசகர் என்றால் ஒரு தாளை நீட்டி, காலை இரண்டு இட்லி, மதியம் ஒரு கிண்ணம் சாதம் என்று படித்துவிட்டு அனுப்புகிறவள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரிய டாக்டர் அந்தத் தாளையே தொடவிட மாட்டார். முதலில் மனுஷனைப் பேச விடு என்பார். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் ஒருவரும் உண்மை சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கே நினைவும் இருக்காது. எங்கள் பக்கம் வருகிறவர்களில் பாதிப்பேர் வண்டி ஓட்டுகிறவர்கள். லாரி, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி, முட்டை வண்டி, பள்ளிக்கூட வேன். அவர்களிடம், "நேத்து வண்டி எங்கெங்க நின்னுச்சு?" என்று கேட்கச் சொல்வார். நின்ற இடமெல்லாம் ஒரு டீ, ஒரு தேங்காய் பன், ஒரு வடை என்று தானாக வந்து விழும். கேட்டு முடித்ததும் ஒன்றே ஒன்றைத்தான் மாற்றச் சொல்வோம். முதல் மாதம் டீயில் சர்க்கரை பாதி. அது பழகிய பிறகு இரவு புரோட்டா வாரத்துக்கு ஒரு நாள். அதற்கப்புறம் சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் கொள்ளுக் கடைசலோ கீரையோ. பிறகு படுக்கப் போகும் நேரத்துக்கும் சாப்பிடும் நேரத்துக்கும் இடைவெளி. பழகாமல் அடுத்ததற்குப் போகக் கூடாது. ஆறு மாதம் கழித்து அந்த ஆள் தான் ஏதோ கட்டுப்பாட்டில் இருப்பதாகவே நினைக்க மாட்டார். அதுதான் எங்கள் வெற்றி.

மெதுவாக இறங்கினால் டாக்டர் தலையை மட்டும் அசைப்பார். சட்டென்று இறங்கினால்தான் வாயைத் திறப்பார். என்ன சாப்பிட்டாய் என்று கேட்க மாட்டார். "எதைச் சாப்பிடலை?" என்பார். அந்தக் கேள்விக்குப் பின்னால் இத்தனை இருக்கிறது என்று தங்கராசு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

தங்கராசு புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டினார். நாற்பது வயதைத் தாண்டியவர். நல்ல உடம்பு, நல்ல சிரிப்பு. முதல் தடவை வந்தபோது என் நாற்காலியின் கைப்பிடிக்குள் உட்கார முடியாமல், "நின்னுக்கிட்டே பேசறேனுங்க மேடம், உக்காந்தா நாற்காலியும் என்கூடவே எந்திரிக்கும்" என்றார். சர்க்கரைக்கு மாத்திரை ஆரம்பித்திருந்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டிய மாத்திரை. போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தடாலென்று கீழே இறங்கிவிடும். இதை நானும் சொன்னேன், டாக்டரும் சொன்னார், மருந்துக் கடைப் பையனும் சொல்லியிருப்பான். "செரிங்க, செரிங்க" என்று தலையாட்டினார். ஏறக்குறைய ஒரு வருஷம் சொன்னபடி நடந்தார். மாதம் முக்கால் கிலோ, ஒரு கிலோ என்று இறங்கியது. சில மாதம் நின்ற இடத்திலேயே நின்றது.

நின்ற மாதங்களில் அவர் முகம் சுண்டிவிடும். "ஏனுங்க மேடம், இது இப்படியே நவுந்து நவுந்து எப்பங்க எறங்கறது? எங்கண்ணன் பக்கவாதத்துல உளுந்து ரெண்டு வருசமா ஊட்டோட கெடக்கறானுங்க. சித்திரை பொறந்தா பள்ளிக்கூடத்துல செக்கப்பு வேற. உடம்பு ஆகாதுன்னு எழுதிட்டா வண்டிச் சாவிய வாங்கிக்குவாங்க." நான் எனக்குத் தெரிந்த சமாதானத்தைச் சொல்வேன். மெதுவாகப் போனால்தான் நிற்கும், பொறுங்கள் என்பேன். அவருடைய பயம் தணிந்ததா என்று தெரியாது. கேட்டுக்கொண்டு போய்விடுவார்.

பங்குனி மாத வெயில். எங்கள் வீட்டில் தவக்காலம், நானே ஒரு வேளையைக் குறைத்திருந்தேன். அன்றைக்கு மதிய டிரிப்புக்கும் சாயங்கால டிரிப்புக்கும் நடுவில் அவசரமாக வந்தார் தங்கராசு. காக்கிச் சட்டை, கையை மணிக்கட்டு வரை இறக்கிப் பொத்தான் போட்டிருந்தார். எடை மேடையில் ஏறினார். என் பிரிவில் இருந்த பெண்கள் முள்ளைப் பார்த்துவிட்டுக் கை தட்டினார்கள். போன மாதத்தைவிட நாலரைக் கிலோ குறைவு. அவரும் சிரித்தார். ஆனால் ஏசி ஓடுகிற அறையில் அவர் காலர் நனைந்திருந்தது.

"ஏதாவது மாத்தினீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க மேடம். நீங்க சொன்னதுதானுங்க. எல்லாம் அளவா."

"வண்டி எங்கெங்க நின்னுச்சு?"

"எங்கயும் நிக்கலீங்க."

"காலைல சாப்பிட்டீங்களா?"

"ஆச்சுங்க." கண்ணைச் சுவரில் மாட்டியிருந்த பழப் படத்தில் வைத்துக்கொண்டு சொன்னார். சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னேன். வண்டிக்கு நேரமாகிறது என்று, கொடுத்த கையோடு கிளம்பிவிட்டார். நான் அவர் அட்டையைக் கொண்டுபோய் டாக்டரிடம் வைத்தேன். எண்ணைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"எதைச் சாப்பிடலை?"

"கேட்டேன் டாக்டர். எல்லாம் சாப்பிடறேங்கறார்."

"நாலரைக் கிலோ பொய் சொல்லாதும்மா."

அப்போதுதான் ஆய்வகத்திலிருந்து செல்வம் சீட்டோடு ஓடி வந்தார். ஓடி வரும் வழக்கமே இல்லாதவர் அவர். சீட்டில் சர்க்கரை அறுபதுக்குக் கீழே இருந்தது. சீட்டை நீட்டிய செல்வத்தின் வலது மணிக்கட்டில் ஒரு மஞ்சள் கயிறு, அதில் ஒரு துண்டு மஞ்சள். மாரியம்மன் நோன்புக்குக் கட்டுகிற காப்பு.

"உங்க ஊர்ல பூச்சாட்டியாச்சா?" என்றேன்.

"ஆமாங்க மேடம். இந்தச் சுத்து வட்டாரம் பூரா மாரியம்மனுக்குப் பூச்சாட்டிப் பத்து நாளாகுதுங்க. காப்புக் கட்டினவங்க ஒரு பொழுதுதானுங்க. ராத்திரி வெளக்கு வெச்சதுக்கப்புறம் ஒரு வேளை சோறு, அவ்வளவுதான்."

பத்து நாளாக ஒரு வேளைச் சாப்பாடு. காலையில் அந்த மாத்திரை. வெயிலில் முழுக்கைச் சட்டையைப் பொத்தான் போட்டு மறைத்தது இதைத்தான். அவர் என்னிடம் பொய் சொன்னதாகவே நினைத்திருக்க மாட்டார். சாப்பாட்டுக் கட்டுப்பாடு எங்களோடது, ஒரு பொழுது ஆத்தாளோடது. இரண்டும் ஒரே வயிற்றில்தான் நடக்கிறது என்பது அவர் கணக்கில் வரவில்லை. இதையெல்லாம் நான் நின்று யோசித்தது பிறகு. அப்போது எனக்கு ஓடியது ஒன்றுதான். இந்நேரம் பள்ளிக்கூடம் விட்டிருக்கும். அவர் பின்னால் வேன் நிறையப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

போன் செய்தேன். மணி அடித்து நின்றது. திரும்பவும் அடித்தேன். வண்டி ஓட்டும்போது போனைத் தொட மாட்டார், அது பள்ளிக்கூடத்து விதி. நல்ல விதிதான். அன்றைக்கு அதைச் சபித்தேன். டாக்டர் தானே பள்ளிக்கூடத்துக்குப் பேசினார். வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறவர் கம்ப்யூட்டரில் வேன் எங்கே போகிறது என்று பார்த்துச் சொன்னார். ஸ்பீக்கரில் அவர் குரல் எனக்கும் கேட்டது. "வண்டி கெளம்பிருச்சுங்க டாக்டர். இருங்க. இப்ப நிக்குதுங்களே. புதுச்சத்திரம் தாண்டி உள்ரோட்டுல. அங்க நமக்கு ஸ்டாப்பிங்கே இல்லீங்களே."

டாக்டர் குளுக்கோஸ் பாக்கெட்டை என் கையில் திணித்தார். "நெனவு இருந்தா மட்டும் வாயில குடு. இல்லைன்னா நர்ஸ் ஊசி போடட்டும். போ."

ஆம்புலன்சில் நானும் ஒரு நர்ஸும் போனோம். அந்த நெடுஞ்சாலையில் எத்தனையோ தடவை சேலத்துக்குப் போயிருக்கிறேன், அன்றைக்கு அது நீண்டுகொண்டே போனது. எதிரே வந்த ஒவ்வொரு மஞ்சள் வண்டியையும் கண்ணை இடுக்கிப் பார்த்தேன். கவிழ்ந்து கிடக்கிற வண்டி, சிதறிய புத்தகப் பைகள் என்று மனம் என்னென்னவோ காட்டியது. ஜெபமாலை கைப்பையில் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. மாதாவே, பிள்ளைங்க, பிள்ளைங்க என்று மட்டும் முணுமுணுத்தேன். நர்ஸ் என் கையைப் பிடித்தாள்.

வேன் சாலையை விட்டு மண்ணில் இறங்கி, ஒரு மரவள்ளிக் காட்டு ஓரமாக நின்றது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கவிழவில்லை, மோதவில்லை. பிள்ளைகள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். வேன் நிறையப் பிள்ளைகள் சத்தமில்லாமல் இருந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தங்கராசு இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையில் தண்ணீர் ஊற்றியதுபோல வேர்வை. என்னைப் பார்த்தார், அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை. ஆனால் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. அந்த நிலையிலும் அவருக்கு அது மட்டும் தெரிந்திருக்கிறது.

முன் சீட்டில் ஒன்பது பத்து வயதுப் பெண் ஒருத்தி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் மகள் யாழினி. அதே பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள், அப்பா வண்டியிலேயே போய் வருகிறவள். சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்திவிட்டு, தண்ணீரில் குளுக்கோஸைக் கரைத்து அவர் உதட்டருகில் கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டார். தலையை ஆட்டினார்.

"வெளக்கு வெக்கலீங்க" என்றார். நாக்கு குழறியது. "இன்னும் வெளக்கு வெக்கலீங்க."

"தங்கராசு, குடிங்க. வெறும் தண்ணிதான்."

"ஆகாதுங்க. ஊட்டுக்கு ஆகாது."

நர்ஸ் ஊசியை எடுத்தாள். அவர் கையை உதறினார், ஊசி கீழே விழுந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் நினைவு போய்விடும் என்று எனக்குத் தெரியும். அதற்கப்புறம் வாயில் ஊற்றவும் முடியாது. அப்போது யாழினி என் கையிலிருந்த டம்ளரை வாங்கினாள்.

"அப்பா, குடிங்கப்பா. ஆத்தா கோவிச்சுக்கறதுன்னா என்னைய கோவிச்சுக்கட்டும். நாந்தான் குடுத்தேன்னு நா சொல்லிக்கறேன்."

அவர் அவளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அவள் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள், பாதி சட்டையில் வழிந்தது. கொஞ்ச நேரத்தில் அவருக்குக் கண் தெளிந்தது. சுற்றிப் பார்த்தார், வேனைப் பார்த்தார், பின்னால் திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தார். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பள்ளிக்கூடத்திலிருந்து வேறு டிரைவர் வந்து பிள்ளைகளைக் கொண்டுபோய் வீடுகளில் விட்டார்.

ஆம்புலன்சில் வரும்போது யாழினி என்னிடம் மெல்லச் சொன்னாள். "எனக்குத் தெரியுமுங்க மிஸ். அப்பா காலைல இருந்து தண்ணி மட்டுந்தாங்க குடிப்பாரு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொன்னாரு. சொன்னா ஆத்தாளுக்கு ஆகாதாம்." பத்து நாளாக அந்தப் பிள்ளை இதை வயிற்றில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறாள்.

டாக்டர் அவரைத் திட்டவில்லை. எடையும் சர்க்கரையும் இறங்கினால் தீச்சட்டி எடுக்கிறேன் என்று தங்கராசு வேண்டிக்கொண்டாராம். இறங்கிக்கொண்டுதானே வந்தது, அதற்கு நன்றிக்கடன்தான் இந்த ஒரு பொழுது. விரதத்தை விடு என்று டாக்டர் சொல்லியிருந்தால் அவர் மாத்திரையை விட்டிருப்பார், ஆத்தாளை விட்டிருக்க மாட்டார்.

"விரதத்துல எதெல்லாம் ஆகும்?" என்று கேட்டார் டாக்டர்.

"பாலு, பழம், எளநி ஆகுமுங்க. பெரியவங்க அப்படித்தான் இருக்கறாங்க. நாந்தான் கடுமையா இருந்தா சீக்கிரம் எறங்கும்னு..."

"பாலும் பழமும் நேரத்துக்கு நேரம் எடுத்துக்கங்க. விரதம் முடியற வரைக்கும் இந்த மாத்திரை வேண்டாம், வேற தர்றேன். தீச்சட்டி எடுங்க. வண்டி எடுக்கக் கூடாது." அவ்வளவுதான் சொன்னார். மருந்து மாற்றம், இத்தனை நாள் ஓய்வு என்று பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்தார், நடந்ததையும் மறைக்காமல் சொன்னார். சாவி திரும்பக் கிடைக்குமா என்பது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

அடுத்து வந்த நாட்கள் எனக்கு இன்னும் மோசம். வெயில் காலம், ஊரெல்லாம் அம்மை போட்டிருந்தது. யாழினிக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் போதும், ஆத்தா கோபித்துக்கொண்டாள் என்று அந்தக் குடும்பம் ஆஸ்பத்திரிப் பக்கமே தலைவைத்துப் படுக்காது. அதைவிட, என்னைய கோவிச்சுக்கட்டும் என்று சொன்ன அந்தப் பிள்ளை, ஆத்தாளின் கோபம் தன்மேல்தான் வந்தது என்று நம்பிவிடுவாள். தினமும் காலையில் அந்தப் பக்கமிருந்து வருகிற செல்வத்திடம் விசாரிப்பேன். "நல்லாத்தான் இருக்குதுங்க மேடம். நீங்கதான் எளைச்சுட்டீங்க" என்பார். தீச்சட்டி அன்றைக்குக் கூட்டத்தில் ஓரமாக நின்றேன். கைப்பையில் குளுக்கோஸ். நெருப்பை ஏந்திக்கொண்டு வேப்பிலையும் மஞ்சளுமாக அவர் என்னைத் தாண்டிப் போனார். பின்னாலேயே யாழினி ஒரு செம்பில் பாலோடு நடந்தாள். கோவில் வாசல் வரை அவர் காலடியையே பார்த்துக்கொண்டு போனேன். தடுமாறவில்லை.

பள்ளிக்கூடம் அவரை உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. டாக்டர் கையெழுத்து வந்தால் பார்க்கலாம் என்றார்கள். அந்தக் கையெழுத்துக்காகத்தான் கோடை விடுமுறையில் வந்தார், மகளையும் கூட்டிக்கொண்டு. சட்டைக் கையை மடித்து விட்டிருந்தார். முகம் தெளிவாக இருந்தது. எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. டாக்டர் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. யாழினியைப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தினார்.

"அப்பா எதைச் சாப்பிடலை?"

பிள்ளை அப்பா முகத்தைப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே, "சொல்லு சாமி. இனிமே மறைக்கறதுக்கு என்ன இருக்குது" என்றார்.

"மூணு வேளையும் சாப்படறாருங்க. நா பாத்துக்கிட்டேதான் இருக்கறேன்." நிறுத்தினாள். பாவாடையைத் திருகினாள். "நேத்து ராத்திரி மட்டும் சாப்படலீங்க. காலைலயும் இல்லீங்க."

தங்கராசுவின் சிரிப்பு போய்விட்டது. "ஏன் சாமி?" என்றார் டாக்டர், அதே மெதுவான குரலில்.

பிள்ளை என்னைக் கை காட்டினாள். "இன்னிக்கு மிஸ் எடை பாப்பாங்கல்லீங்க."

பேனா மூடுகிற சத்தம் கேட்டது. ஆத்தாளுக்குப் பயந்து பட்டினி கிடந்தார் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். என் அறையில் இருக்கிற அந்த எடை மேடைக்கும் அவர் அதே அளவு பயந்திருக்கிறார். எத்தனை பேர் முதல் நாள் இரவு சாப்பிடாமல் வந்து அதில் ஏறினார்களோ, நாங்கள் எத்தனை பேருக்குக் கை தட்டினோமோ தெரியாது.

அன்றைக்கு அவரை எடை பார்க்கவில்லை. கையெழுத்தும் போடவில்லை, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார் டாக்டர். நான் இருவரையும் ஆஸ்பத்திரி கேன்டீனுக்குக் கூட்டிப் போய் இட்லி வாங்கி வைத்தேன். தங்கராசு குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். யாழினி தன் தட்டைத் தொடவில்லை. அவர் கை தட்டிலிருந்து வாய்க்குப் போவதையே ஒவ்வொரு வாய்க்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.